உப்பளத்துப் பெண்ணும் நகரத்து நாயகியும்

ஒரு நாட்டின் பெண்மக்கள் தம்மைத் தாம் யாவர் என எண்ணுகின்றனர் என்பதை அறிய விழைவோர், அந்நாட்டுச் சட்ட நூல்களினும் கதை நூல்களை நாடுதலே நன்று. பெண்ணுக்கு உரியது இன்னது என்று சட்டம் விதிக்கும். அவள் உள்ளத்தில் நிகழ்வது இன்னது என்று கதை காட்டும். தமிழில் நாவல் என்னும் இலக்கிய வகை தோன்றிய நாள்தொட்டு இன்றுகாறும் வெளிவந்த கதைகளை வரிசைப்படுத்தி நோக்குவோமாயின், அவற்றினூடே ஒரு தனி வரலாறு ஓடிவரக் காண்போம். வீட்டு வாயிலைக் கடந்து நகரத்துத் தெருவிற்கு வந்த பெண், அங்கே தனக்கென ஒரு பெயரைத் தேடிக்கொண்ட வரலாறே அது. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறி, மரக்காணத்து உப்பளக் கரையில் நின்று அதனை ஒருமுறை எடைபோட்டுப் பார்த்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகர வாழ்க்கையைப் பற்றிய ஆராய்ச்சியில் உப்பளத்திற்கு இடம் ஏது எனச் சிலர் வினவலாம். சென்னையினின்றும் புதுச்சேரிக்குச் செல்லும் கடற்கரைச் சாலையில் உள்ளது மரக்காணம். வடக்கே காக்கிநாடாவிலிருந்து சென்னை நகரின் வழியாக வரும் பக்கிங்காம் கால்வாய் தெற்கே இக்கரையில்தான் முடிவுறுகின்றது. 1877, 1878-ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தின்போது சென்னை நகர்க்குள் அக்கால்வாயின் ஒரு பகுதி வெட்டப்பட்டு, அந்நாளைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்றது. சாலைகளில் மோட்டார் வண்டிகள் மிகுவதற்கு முன்னர், உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் இந்நீர்வழியே நகரை அடைந்தன. ஆகவே நகரத்து அடுப்பிற்கும் இவ்வுப்பளத்திற்கும் உள்ள தொடர்பு நெடுநாளையது. நகரம் பெண்ணுக்கு நல்கியது யாது, நல்காதது யாது என்பதை அளந்தறிய, நகரத்திற்கு உப்பு ஈந்த இக்கரையைவிடத் தகுந்த இடம் வேறு எளிதிற் கிடைப்பதன்று.

பழந்தமிழ்ப் பாட்டில் உப்பு விற்ற பெண்

சங்க இலக்கியத்துட் புகழ்பெற்ற எயிற்பட்டினம் இம்மரக்காணப் பகுதியே என்று அறிஞர் பலர் கருதுவர். ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில் அப்பட்டினம் பேசப்படுகின்றது. அதனைப் பாடிய நத்தத்தனாரும் இக்கரையை அடுத்த இடைக்கழி நாட்டு நல்லூரினர். உப்பு வணிகராகிய உமணர், குடும்பத்தோடு வண்டியேறி ஊர்தோறும் செல்லும் காட்சி அந்நூலிற் காணப்படுகின்றது. உமணப் பெண்டிரின் மக்களோடு, அவர் வளர்த்த மந்தியும் கூடி விளையாடுகின்றதாம். பெரும்பாணாற்றுப்படையிலோ, கைக்குழந்தையுடன் வண்டியின்மேல் அமர்ந்த பெண்ணொருத்தி தானே எருதுகளை ஓட்டிச் செல்கின்றாள்.

அகநானூற்றில் அம்மூவனார் தீட்டிய ஓவியம் இவற்றினும் சிறந்தது. உமணர் குலத்து இளம்பெண் ஒருத்தி, கைவளை ஒலிக்க வீசி நடந்து, நெல்லுக்கு உப்பு எனச் சேரித் தெருவிற் கூவி விற்கின்றாள். அவளுடைய புதிய குரலைக் கேட்டு வீட்டு நாய் குரைக்கின்றது. அப்புலவரே பாடிய பிறிதொரு பாட்டில், வழிமறித்து வேறுபொருள்படப் பேசிய ஆடவனைப் பார்த்து, எம்மைத் தடுக்கும் நீவிர் யாவிர் என்னும் கருத்துப்பட வினவிப் புன்முறுவலோடு விலகி நிற்கின்றாள் உப்பு விற்பவள்.

இதனால் நாம் அறிவது யாது? தெருவில் நடத்தலும், பொருளுக்கு விலை கூறலும், அயலானுக்கு அஞ்சாது விடை பகர்தலும் தமிழ்நாட்டுப் பெண்ணுக்கு மேனாட்டுக் கல்வியோ நகர நாகரிகமோ புதிதாகக் கற்பித்தவை அல்ல. நெய்தல் நிலத்து உழைக்கும் பெண் அவற்றை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உடையவளாய் இருந்தாள். இவ்வுண்மையை மனத்திற் கொண்டு இனி நாவல்களின் பக்கம் திரும்புவோம்.

வாயிலைக் கடந்த நாயகியர்

1879-இல் வெளிவந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரமே தமிழின் முதல் நாவல் என்பது யாவரும் அறிந்தது. அதன் நாயகி ஞானாம்பாள் அறிவிற் சிறந்தவள். நாடாளும் திறனும் படைத்தவள். ஆயினும் அவள் அரசு செலுத்துங்காலத்து ஆண் வேடம் பூண வேண்டியிருந்தது. பெண் பெண்ணாகவே வெளியுலகில் நின்று ஆணை செலுத்துதலைக் கதையிலும் கற்பனை செய்ய இயலாத காலம் அது.

அதன்பின் 1898-இல் அ. மாதவையரின் பத்மாவதி சரித்திரம் வெளிவந்தது. அதன் தலைவன் நாராயணன் கல்வியின் பொருட்டுச் சென்னை சேர்கின்றான். பத்மாவதி எழுத்தறிவு பெற்று, கணவனுடைய உள்ளத்திற்கு இணையான உள்ளம் உடையவளாகின்றாள். இளம் கைம்பெண்ணின் துயரைப் பேசும் முத்துமீனாட்சியை அவர் 1903-இல் வெளியிட்டார். மாதவையர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் மாணவர் என்பது நம்மனோர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அவர் ஏற்ற உத்தியோகமோ அரசாங்கத்தின் உப்பு, ஆப்காரி இலாகாவைச் சார்ந்தது. உப்பின்மேல் வரி தண்டிய இலாகாவில் உழைத்த அப்பெரியார் பெண்ணின் விடுதலைக்காகப் பேனா பிடித்தபோது, அவர் கண்முன் நின்றவர்கள் இல்லத்தினுள் அடைபட்டிருந்த உயர்குடிப் பெண்களே. பத்மாவதியும் முத்துமீனாட்சியும் வாயிற்படியைத் தாண்ட ஏங்குவோர். உப்புக் கூடை சுமந்தவளுக்கோ தாண்டுதற்கு வாயிற்படி இருந்ததில்லை. இது மாதவையரின் குறையன்று; தமிழ் நாவல் தோன்றிய இல்லங்களின் இயல்பே ஆகும்.

கல்லூரி இதழ்கள் இத்துறையில் ஆற்றிய தொண்டினையும் ஈண்டுக் குறித்தல் தகும். 1887, 1888-ஆம் ஆண்டுகளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் இதழில் கிருபாபாய் சத்தியநாதன் என்னும் அம்மையார் ஆங்கிலத்தில் எழுதிய சகுணா தொடர்ந்து வெளிவந்தது. தம் வாழ்க்கையையே பெரும்பாலும் அடிப்படையாகக் கொண்டு அவர் எழுதிய கதை அது. 1878-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து பயின்ற அவர், உடல்நலம் குன்றியமையாற் படிப்பை நிறுத்த நேர்ந்தது. 1894-இல் இளவயதிலேயே காலமானார். இந்தியப் பெண்ணொருத்தி, தன் கல்வி வேட்கையையும் தன் மனத்தின் தனிமையையும் தன் சொல்லாலேயே உலகிற்கு உரைத்தற்கு ஒரு கல்லூரி இதழ் இடந்தந்தது என்பதை இன்றைய இதழாசிரியரும் எழுதுவோரும் மறத்தல் ஆகாது.

தமிழில் அவ்விடத்தைத் தாமே உண்டாக்கிக்கொண்டவர் வை. மு. கோதைநாயகி அம்மாள். 1901-இற் பிறந்த இவ்வம்மையார் முதலில் எழுதப் பழகாதவர்; தம் முதல் நாடகத்தைத் தாம் சொல்லத் தோழி ஒருத்தி எழுதினாள். பின்னர் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை இயற்றி, ஜகன்மோகினி என்னும் மாத இதழைச் சென்னைத் திருவல்லிக்கேணியிலிருந்து நெடுங்காலம் நடத்தினார். நகரம் ஒரு பெண்ணுக்கு அளிக்கக்கூடிய நன்மைகளுள் இது தலையாயது. அச்சகமும் அஞ்சலும் வாசகர் கூட்டமும் ஒருங்கே கிடைக்கும் இடம் நகரமன்றோ?

நகரம் வாங்கிய விலை

நிற்க. நகரம் நல்கியதைப் போலவே வாங்கியதும் உண்டு. அதனைத் தமிழர்க்கு உறைக்கக் காட்டிய எழுத்தாளர் இருவர் மரக்காணத்திற்குத் தெற்கேயுள்ள கடலூர்க் கரையிற் பிறந்தவர்கள். 1906-இல் திருப்பாதிரிப்புலியூரிற் பிறந்த புதுமைப்பித்தன் ஒருவர். 1934-இல் கடலூரிற் பிறந்த ஜெயகாந்தன் மற்றொருவர். இருவரும் சென்னைக்குச் சென்று எழுதினர். இருவரும் நகரத்துப் பெண்ணின் கற்பைப் பற்றிய வினாவை எழுப்பினர். இருவரும் கடும் எதிர்ப்பிற்கு ஆளாயினர்.

புதுமைப்பித்தனின் பொன்னகரம் 1934-இல் மணிக்கொடியில் வெளிவந்தது. அதில் வரும் அம்மாளு ஆலையிற் கூலி வேலை செய்பவள். குதிரைவண்டி ஓட்டும் அவள் கணவன் விபத்துற்றுப் படுக்கையிற் கிடக்கின்றான். வீட்டிற் காசில்லை. இரவிற் குழாயடிக்குத் தண்ணீர் எடுக்கச் சென்றவள், சந்தின் இருளிற் காத்திருந்தவனோடு மறைந்து, முக்கால் ரூபாய் ஈட்டித் திரும்புகின்றாள். அம்மாளுக்குத் தெருவும் உண்டு, கூலியும் உண்டு. ஆனால் அக்கூலி, கணவன் ஒருநாள் விழுந்தவுடனே போதாமற் போய்விடுகின்றது. வெளியிற் சென்று பொருளீட்டுதல் ஒன்றே பெண்ணுக்கு விடுதலையாகும் என்று நம்பியிருந்தோரை இச்சிறுகதை வெட்கித் தலைகுனியச் செய்தது.

ஜெயகாந்தனின் அக்கினிப் பிரவேசம் 1966-இல் ஆனந்த விகடனில் வந்தது. மழைநாளிற் பேருந்திற்காகக் காத்துநின்ற கல்லூரி மாணவி, அறிமுகமற்ற ஒருவன் காரில் ஏறுகின்றாள், அவனால் கெடுக்கப்படுகின்றாள். வீடு திரும்பிய மகளின் தலையில் தாய் நீரை வார்த்து, நீ தூய்மையானவள் என்று தேற்றுகின்றாள். இம்முடிவைப் பலர் ஏற்கவில்லை. தாய் அவ்வாறு செய்யாது ஊரறியக் கதறியிருந்தால் யாது நிகழ்ந்திருக்கும் என்னும் வினாவிலிருந்தே 1970-இல் நூலாகிய சில நேரங்களில் சில மனிதர்கள் எழுந்தது. 1972-இல் சாகித்திய அகாதெமிப் பரிசையும் பெற்றது. அதன் நாயகி கங்கா தமையனால் வீட்டினின்று விலக்கப்படுகின்றாள். படித்துப் பட்டம் பெற்று உயர்ந்த உத்தியோகத்தில் அமர்கின்றாள். தெருவும் கூலியும் கல்வியும் ஒருங்கே பெற்றும், அவள் யார் என்பதை ஒரு மழைநாளின் நிகழ்ச்சியைக் கொண்டே உலகம் முடிவு செய்கின்றது. அம்முடிவோடு அவள் நடத்தும் போராட்டமே அந்நாவல்.

அசோகமித்திரனின் தண்ணீர் 1973-இல் நூலாயிற்று. சென்னையின் தண்ணீர்ப் பஞ்சமே அதன் களம். திரைப்பட ஆசை காட்டப்பட்டு ஏமாற்றப்பட்ட ஜமுனா, அடிகுழாயின் முன் குடத்தோடு நிற்கும் பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி. வாழ்வில் வெறுப்புற்ற அவளுக்குத் துணிவூட்டுபவள், தானும் துயருழந்த ஓர் ஆசிரியை. நகரம் இருவர்க்கும் ஒரு குடம் நீரையும் எளிதில் அளித்ததில்லை. ஆயினும் ஒரு பெண்ணின் துன்பத்தை மற்றொரு பெண் கேட்கும் சந்தர்ப்பத்தை அத்தெரு அளித்தது. இதுவும் நகரத்தின் கொடையே.

சீன நாட்டினின்றும் ஓர் ஒப்புமை

இவ்வனுபவம் நமக்கே உரியதோ என அறியப் பிறநாட்டு இலக்கியத்தோடு ஒப்பிடல் வேண்டும். நம்மைப் போன்றே தொன்மையான குடும்ப ஒழுக்கமும், நம்மைப் போன்றே விரைந்து வளர்ந்த பெருநகர்களும் உடையது சீனம். 1928-இல் திங் லிங் என்னும் அம்மையார், பீக்கிங் நகரில் தனித்துத் தங்கியிருக்கும் நோயுற்ற இளம்பெண் ஒருத்தியின் நாட்குறிப்பாக ஒரு கதையை எழுதினார். தன் விருப்பத்தையும் வெறுப்பையும் அப்பெண் ஒளியாது கூறியமை படித்தவர்களைத் திடுக்கிடச் செய்தது. வாங் அன்யி 1995-இல் வெளியிட்ட பெருநாவல், 1946-இல் ஷாங்காய் அழகிப் போட்டியிற் பரிசு பெற்ற பெண்ணொருத்தியை நாற்பதாண்டுக் காலம் பின்தொடர்கின்றது. ஆட்சி மாறுகின்றது, தெருக்களும் மாறுகின்றன, நகரம் ஒருநாள் அணிவித்த பெயரோ அவளை இறுதிவரை விடவில்லை. ஷெங் கெயி 2004-இல் வெளியிட்ட நாவலோ, சிற்றூரிலிருந்து சென்சென் என்னும் புதுநகர்க்குப் பிழைக்கச் சென்ற இளம்பெண்களைப் பற்றியது. அவர்களுக்கு வேலை கிடைக்கின்றது. அதனோடு, உடலையே விலையாக்கப் பார்க்கும் கண்களும் வந்து சேர்கின்றன.

சென்னையின் அம்மாளுவும் சென்சென் நகரத்துப் பெண்களும் ஒருவரையொருவர் அறியார். எனினும் இருவர் கதையும் ஒன்றையே கூறுகின்றன. நகரம் பெண்ணை வீட்டின் பெயரினின்று விடுவிக்கின்றது. விடுவித்தபின், கூலிக்காரி என்றோ, அழகி என்றோ, கெட்டவள் என்றோ தானே ஒரு பெயரைச் சூட்டிவிடுகின்றது. அப்பெயரை மறுத்துத் தன் பெயரைத் தானே கூறும் ஆற்றல் அவளுக்கு உண்டா என்பதே இக்கதைகள் எழுப்பும் வினா.

உப்பளத்திற்கு வந்த நாவல்

இனி உப்பளத்தை நோக்குவோம். தமிழ்நாட்டில் உப்பு விளைவிக்கும் இடங்களுள் தூத்துக்குடியும் வேதாரணியமும் பெரியன. அவற்றை அடுத்து வைத்து எண்ணப்படுவது மரக்காணம். இங்கு 3,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் உப்பளமாக உள்ளது. ஆண்டின் தொடக்கத்தில் பாத்திகளைச் செப்பஞ்செய்து, உவர்நீரைப் பாய்ச்சி, வெயிலில் வற்றவிட்டு, படிந்த உப்பை வாரிக் குவிப்பர். ஐப்பசி கார்த்திகை மழை இறங்கியவுடன் பாத்திகள் நீரில் மூழ்கும், கூலியும் நின்றுவிடும். வெயில் ஏறுமுன் வேலை தொடங்குகின்றது. வாரிய உப்பைக் கூடைகளிற் பெய்து, தலையிற் சுமந்து, வரப்பின்மேல் நடந்து அம்பாரத்திற் கொட்டுவோருட் பெண்கள் பலர். உப்புநீர் காலைப் புண்ணாக்கும். வெண்மையிற் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணை வருத்தும்.

இத்தகைய வாழ்க்கையைத் தமிழ் நாவலுக்குட் கொணர்ந்தவர் ராஜம் கிருஷ்ணன். வேருக்கு நீர் என்னும் நாவலுக்காக 1973-இற் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற இவ்வம்மையார், எழுத எடுத்துக்கொண்ட மக்களிடையே சென்று பழகி, அவர்தம் வேலையையும் பேச்சையும் அறிந்தபின் எழுதுவதை நெறியாகக் கொண்டவர். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றிய கரிப்பு மணிகள் 1979-இல் வெளிவந்தது. அதன் நாயகி பொன்னாச்சி உப்பளக் கூலிப் பெண். வெயிலையும் உவரையும் மட்டுமன்றி, அளத்தில் அதிகாரம் செலுத்துவோரின் இழிந்த நோக்கையும் அவள் தாங்க வேண்டியிருக்கின்றது. பொன்னாச்சிக்கு வாயிற்படியைத் தாண்டும் சிக்கல் இல்லை. தாண்டிய இடத்திலே மானத்தோடு நிற்பதும், நிற்க விடாதவரை எதிர்ப்பதுமே அவள் சிக்கல்.

ஆண்டுகளை எண்ணிப் பார்மின்கள். ஞானாம்பாள் 1879-இல் வந்தாள். பொன்னாச்சி வந்தது 1979-இல். இடையில் ஓடியவை சரியாக நூறு ஆண்டுகள். அம்மூவனார் காலத்திலேயே பாட்டில் இடம்பெற்றிருந்த உப்புப் பெண், நாவலின் நாயகியாதற்கு ஒரு நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. தமிழ் நாவலாசிரியர்கள் பெண் வெளியே வருதலைப் பெருநிகழ்ச்சியாகக் கொண்டனர். முன்னரே வெளியில் நின்றவள் அவர் கண்ணிற் படவில்லை.

பெயர் எதனால் அமைகின்றது?

இதுவரை கூறியவற்றாற் போதரும் முடிபு ஒன்று உண்டு. தெருவிற்கு வருதல் ஒன்றினாற் பெண்ணுக்குத் தன்மை அமைந்துவிடுமாயின், உப்பு சுமந்தவள் இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்னரே அதனைப் பெற்றிருத்தல் வேண்டும். கூலி ஈட்டுதலால் அமையுமாயின், அம்மாளு இருளை நாடியிருக்க மாட்டாள். கல்வியும் பட்டமுமே போதுமெனின், கங்காவை ஒரு மழைநாள் வாழ்நாள் முழுதும் தொடர்ந்திராது.

இம்மூன்றும் வேண்டுவனவே, இவற்றை இகழ்ந்துரைத்தல் அறியாமை. ஆயினும் இவற்றின் பின்னும் ஒன்று எஞ்சி நிற்கின்றது. தன் நிலையைத் தன் வாயாற் கூறவும், கூறியதைப் பிறர் கேட்கவும் பெறுதலே அது. இமையம் எழுதி 2018-இல் வெளிவந்து, 2020-ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அகாதெமிப் பரிசைப் பெற்ற செல்லாத பணம் இதற்குக் கண்கூடான சான்று. மரக்காணத்திற்கு அண்மையிலுள்ள புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையே அதன் பெரும்பகுதிக்குக் களம். பொறியியற் பட்டம் பெற்ற ரேவதி தீப்புண்பட்டு அங்கே கிடக்கின்றாள். அவளைப் பெற்றோரும், மணந்தவனும், உற்றாரும் ஓயாது பேசுகின்றனர். எல்லாரும் பேசும் அவ்விடத்தில் ரேவதியின் சொல்லே அரிதாய்ப் போகின்றது. பட்டம் பெற்ற பெண்ணின் பேச்சுக்கும் செவிகொடுப்பார் இலராயின் விளைவது யாது என்பதை அந்நாவல் நெஞ்சு பதைக்க உணர்த்துகின்றது.

இதற்கு மறுதலையாக நிற்பவர் அம்பை. வீட்டின் மூலையில் ஒரு சமையலறை என்னும் அவர் கதைத்தொகுதி 1988-இல் வெளிவந்தது; 2021-ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அகாதெமிப் பரிசையும் அவர் பெற்றார். மும்பை நகரில் வாழும் அவர், கதை எழுதியதோடு அமையாது, பெண்களின் வாழ்க்கை வரலாறுகளை அவரவர் குரலிலேயே பதிவுசெய்து காக்கும் ஸ்பாரோ என்னும் ஆவணக் காப்பகத்தை 1988-இல் நிறுவினார். கேட்பார் இல்லாத சொல் காற்றிற் கரையும் என்பதை உணர்ந்தவர் செய்த அரும்பணி இது.

மாணவ நண்பர்களே! நம்மில் ஒருசிலர் இக்கடற்கரை ஊர்களிலிருந்தே கல்லூரிக்கு வந்தவர்கள். பலர் கிழக்குக் கடற்கரைச் சாலையிற் செல்லுங்கால், வெண்குவியல்களை வண்டியின் சாளரத்தினூடே கண்டு கடந்தவர்கள். உப்பளத்தில் உழைத்த தாயோ பாட்டியோ உங்கள் இல்லத்தில் இருப்பாராயின், விடுமுறையில் அவர் அருகமர்ந்து கேளுங்கள். எந்த வயதிற் கூடை சுமக்கத் தொடங்கினார், முதற் கூலியை யார் கையிற் கொடுத்தார், மழைக்காலத்தில் உலை எவ்வாறு கொதித்தது, அளத்தில் அவரை எப்பெயரிட்டு அழைத்தனர் என்று வினவுங்கள். அவர் கூறுவதை அவர் சொல்லிலேயே எழுதுங்கள், அழகுபடுத்தற்காக மாற்றிவிடாதீர்கள். மூன்று பக்கமே ஆயினும் ஆகுக. கிருபாபாய் அம்மையாருக்கு ஒரு கல்லூரி இதழ் இடந்தந்தது போல, அப்பக்கங்களுக்கு இடந்தருதல் நம் இதழ்க்கும் கடமையும் பெருமையும் ஆகும்.